இடது தோளுக்கு ஒரு துப்பாக்கி

துப்பாக்கி வாங்க வேண்டும் என்று மகள் சொன்னபோது நான் முதலில் கேட்டது, "எங்க கண்ணு வெப்பே?" என்றுதான். எங்களுடையது இரண்டு அறை வீடு. ஓர் அறையில் நாங்கள் படுப்போம், இன்னொன்றில் சமையல், அவள் படிப்பு, மழைக்காலத்தில் துணி காய்வது எல்லாம். அதில் ஓர் ஆள் உயரப் பெட்டியை எங்கே வைப்பது?

"கட்டிலுக்கு அடியில வெச்சுக்குவேங்கம்மா" என்றாள். யோசித்துவிட்டுத்தான் கேட்டிருக்கிறாள் என்று புரிந்தது.

நான் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருக்கிறேன். ஆள் வரவு எழுதுவது, பழம் எடை போடுவது என் வேலை. என் வீட்டுக்காரர் மஞ்சக்குட்டைக்கும் ஏற்காட்டுக்கும் இடையே ஷேர் ஜீப் ஓட்டுகிறார். மகள் சேலத்தில் கல்லூரி. தினமும் பஸ்ஸில் மலை இறங்கி, பஸ்ஸிலேயே மலை ஏறி வருகிறவள். முதல் வருஷம் என்.சி.சி.யில் சேர்ந்தாள். முகாமில் சுடச் சொன்னார்களாம், கூட வந்த பிள்ளைகளைவிட நன்றாகச் சுட்டாளாம். அங்கிருந்த ஓர் அதிகாரி சேலத்தில் இருந்த பயிற்சிக் கூடத்தின் பெயரைச் சொல்லி அனுப்பிவைத்தார். தினமும் கல்லூரி விட்டதும் அங்கே போய்ப் பத்து மீட்டர் தூரத்தில் இருக்கும் காகிதத்தைச் சுட ஆரம்பித்தாள்.

அது காற்றுத் துப்பாக்கி. வெடிமருந்து கிடையாது, அந்த வகைக்கு உரிமமும் வேண்டியதில்லை. இதையெல்லாம் அவள் எனக்குப் பலமுறை விளக்கியிருக்கிறாள். ஆனாலும் மலையில் இருப்பவர்களுக்குத் துப்பாக்கி என்றால் காட்டுக்கோழியும் முயலும்தான் ஞாபகம் வரும், அதற்குப் பின்னாலேயே ஃபாரஸ்ட்காரர்கள் வருவார்கள். எனக்கு அந்தப் பயம் போகவேயில்லை.

கூடத்தில் பயிற்சி கொடுப்பவர் என்னைவிட வயதில் சின்னப் பெண். ஒரு நாள் என்னை வரச் சொல்லிப் பேசினார். "இங்க இருக்கறது கொஞ்சம் துப்பாக்கிங்க, பசங்க நெறைய. ஒருத்தர் உயரத்துக்கு மாத்தி வெச்சா அடுத்தவங்க வந்து திரும்ப மாத்தறாங்க. மழைக்காலத்துல, மாநிலப் போட்டிக்கு ஆள் எடுக்கற தேர்வுப் போட்டி வருதுங்க. உங்க பொண்ணுக்குச் சொந்தமா ஒண்ணு இருந்தா நல்லது."

"என்ன வாங்கறதுங்க?"

"நம்ம நாட்டுல செஞ்ச புதுசு கெடைக்குது. இல்லாட்டி ஜெர்மன் துப்பாக்கி பழசா வாங்கலாம். ரெண்டையும் கையில எடுத்துப் பாருங்க. அவசரப்பட்டுடாதீங்க."

சீட்டுப் பணம் அப்போதுதான் கைக்கு வந்திருந்தது. அதைத் தாண்டிப் போகக் கூடாது என்பது மட்டும் எங்கள் வீட்டில் பேச்சு.

முதலில் பார்த்தது சேலத்தில் ஒரு பெரிய வீட்டில். அந்த வீட்டு அம்மாளின் மகன் போட்டிகளில் சுட்டவன், படிக்க வெளிநாடு போய்விட்டான். துப்பாக்கி பெட்டியோடு அலமாரியில் இருந்தது. பெட்டியைத் திறந்ததும் நான் மயங்கித்தான் போனேன். வெள்ளி நிறத்தில் அலுமினியம், நீல நிறத்தில் பிடி, ஒரு கீறல் இல்லை. ஜெர்மனியில் செய்தது. புதிதாக வாங்கினால் எங்களால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாத விலை, அதில் பாதிக்கும் குறைவாகத்தான் கேட்டார்கள். என் வீட்டுக்காரர் என் காதருகே, "எடுத்துருவோம் புள்ள" என்றார். எனக்கும் அதே எண்ணம்தான்.

மகள் குழலுக்கு அடியில் திருகியிருந்த காற்று உருளையைக் கழற்றி, ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள். அதில் சின்ன எழுத்தில் செய்த வருஷமும் மாதமும் பொறித்திருந்தது.

"இதுக்குப் பத்து வருஷம்தாங்க ஆயுசு. முடிஞ்சு நாளாச்சு" என்றாள்.

"முடிஞ்சா என்ன கண்ணு? நல்லாத்தானே இருக்குது?"

"இதுக்குள்ள லாரி டயரைவிடப் பல மடங்கு அழுத்தத்துல காத்தை அடைக்கறதுங்கம்மா. தேதி போனதைக் கூடத்துல நிரப்பவே மாட்டாங்க. வெடிச்சா மூஞ்சிக்கு நேரா வெடிக்கும்."

அந்த வீட்டு அம்மாள் பதறிப்போனார். "ஐயோ, எனக்குத் தெரியாதேம்மா. அவன் இருந்தப்போ வாங்கினது அப்படியே இருக்கு. சும்மா இருக்கறதைக் குடுத்துடலாம்னுதான் சொன்னேன்." பொய் சொல்லுகிற முகமில்லை அது. உடனே மகனுக்குப் போன் போட்டார். அவனும் உருளை பழசு, மாற்றாமல் சுடக்கூடாது என்று ஒத்துக்கொண்டான். இன்னொன்றையும் அவனே சொன்னான்: அதோடு வந்த பின் சைட்டைக் கழற்றித் தன்னோடு எடுத்துப் போய்விட்டான், இப்போது மாட்டியிருப்பது சாதாரணமானது. பின் சைட் என்பது கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஓட்டை வட்டு. அதைப் பார்த்துத்தான் குறி வைப்பார்கள். மகள் அதை விரலால் லேசாக அசைத்துக் காட்டினாள். ஆடியது.

உருளையும் சைட்டும் புதிதாக வாங்கிச் சேர்த்தால் விலை எங்கேயோ போய் நின்றது. அந்த அம்மாள் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வெளியே வந்தோம். ஜீப்பில் ஏறிய பிறகு என் வீட்டுக்காரர் சாவியைப் போட்டுக்கொண்டே, "வண்டின்னா பானெட்டைத் தொறந்து பாத்திருப்பேன். இதுல பெயின்ட்டைப் பாத்து ஏமாறப் பாத்தனே" என்றார். அந்த உருளை என் பிள்ளையின் கன்னத்துக்குப் பக்கத்தில் இருந்திருக்குமே. வாங்காமல் வந்தோமே என்ற நிம்மதியில் மலை ஏறுகிறவரை அவள் கையை விடவில்லை நான்.

அடுத்தது கோயமுத்தூரில் ஒரு கடை. போகலாம் என்று முடிவு செய்த நாள் சேர்வராயன் கோயில் திருவிழாவோடு வந்து விழுந்தது. அந்த நாட்களில் ஜீப்பை நிறுத்தினால் வருஷம் முழுக்கப் பேச்சுக் கேட்க வேண்டும். ஆகவே நானும் மகளும் மட்டும் கிளம்பினோம். எஸ்டேட்டில் வேலை குறைவான காலம், லீவு கிடைத்தது. வழியனுப்பும்போது அவர் ஒன்றுதான் சொன்னார்: "பழசு எதையாவது காட்டுனா, ஸ்பேர் கெடைக்குமான்னு மொதல்ல கேளு. ஸ்பேர் கெடைக்காத வண்டி ஓசியில வந்தாலும் வேண்டாம்."

கடைக்காரர் அறுபதை ஒட்டிய மனிதர். கடைக்குப் பின்னால் நீளமான ஓர் அறை, அதன் கோடியில் காகிதம் மாட்டும் பலகை. வாங்குகிறவர்கள் சுட்டுப் பார்த்து வாங்கலாம். நம் நாட்டில் செய்த புதுத் துப்பாக்கியை எடுத்து மேஜையில் இருந்த பிடிக்கருவியில் இறுக்கினார். ஆள் கை படாமல் சுட்டால்தான் குழலின் தரம் தெரியும் என்றார். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சுட்டுக் காகிதத்தைக் கொண்டுவந்தார். குண்டுகள் ஏறக்குறைய ஒரே ஓட்டையில் போயிருந்தன, ஓரம் மட்டும் கொஞ்சம் பிசிறு.

"வெலைக்கு இது நல்ல சாமானுங்க. உத்தரவாதம் உண்டு, ஸ்பேருக்கு அலைய வேண்டியதில்லை. விசை மட்டும் கொஞ்சம் கரகரன்னு இருக்குமுங்க. பழகப் பழக சரியாயிடும். அம்மிணி, நீங்க சுட்டுப் பாருங்க."

மகள் சுடுவதை அன்றுதான் நான் முதல்முறை நேரில் பார்க்கிறேன். கூடத்தில் பெற்றவர்களை உள்ளே விடமாட்டார்கள். வலது தோளில் துப்பாக்கியின் பின்கட்டையை வைத்து, தலையை அதன் மேல் சாய்த்தாள். சாய்த்தாள் என்று சொல்லக் கூடாது, கழுத்தை ஒடித்து வளைத்தாள். இடது கண்ணை ஒரு பட்டையால் மறைத்திருந்தாள். இரண்டு மூன்று குண்டு சுட்டதும் துப்பாக்கியை இறக்கிவிட்டுக் கழுத்தைத் தேய்த்தாள்.

எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. "ஏன் கண்ணு, எல்லாம் நொட்டாங்கையிலதானே செய்வே? எழுதறது, அரிவாள் புடிக்கறது, பந்து வீசறது எல்லாம். இதை ஏன் சோத்தாங்கையில புடிக்கறே?"

"கூடத்துல இருக்கறது எல்லாம் சோத்தாங்கைத் துப்பாக்கிங்கம்மா. அப்பிடியே பழகிட்டேன்."

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அவளைப் பட்டையைக் கழற்றச் சொன்னார். இரண்டு கையையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சின்ன இடைவெளி விட்டு, அதன் வழியாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னார். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடச் சொன்னார்.

"எந்தக் கண்ணை மூடுனா கடிகாரம் காணாமப் போகுதுங்க?"

"இடது கண்ணுங்க."

"அப்ப உங்களுக்குக் குறி பாக்கற கண்ணே இடதுதானுங்க. அதைக் கட்டி வெச்சுட்டுச் சுட்டுட்டு இருக்கீங்களே!" என்று சிரித்தார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "இருங்க" என்று உள்ளே போனார்.

தூசி படிந்த ஒரு பெட்டியோடு திரும்பி வந்தார். யாரோ ஒருவர் இடது கைக்கென்று சொல்லி வெளிநாட்டிலிருந்து தருவித்ததாம். கொஞ்ச காலம் சுட்டுவிட்டு, ஊர் மாறிப் போகும்போது கடையில் விற்கக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து கேட்பார் இல்லை. பின்கட்டை மரத்தில் செய்தது. அங்கங்கே நிறம் மங்கி, அடிப்பக்கம் ஒரு நீளக் கீறல். சேலத்தில் பார்த்ததற்குப் பக்கத்தில் வைத்தால் யாரும் இதைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

குறையை அவரே முதலில் சொன்னார். "உருளை தேதி போயிருச்சுங்க, தூக்கிப் போட்டுட்டேன். புதுசு வாங்கோணும். உள்ள ரப்பர் வளையமெல்லாம் காஞ்சிருக்கும், மாத்தோணும். அதுவும் சேத்துத்தான் வெலை சொல்லுவேன்."

"ஸ்பேர் கெடைக்குமுங்களா?" வீட்டுக்காரர் சொல்லிவிட்டதைக் கேட்டுவிட்டேன்.

"இடது கை, வலது கை எல்லாம் கட்டையிலயும், குண்டு போடற நெம்புகோல்லயும்தானுங்க. வயித்துக்குள்ள எல்லாம் ஒண்ணுதான். எந்த ஸ்பேரும் கெடைக்காமப் போகாதுங்க."

வேறொரு துப்பாக்கியின் புது உருளையைக் கழற்றி இதில் திருகினார். காற்றுக் கசியும் சத்தம் லேசாகக் கேட்டது. "பாத்தீங்களா, வளையம் காஞ்சது இதுதான்" என்று சொல்லி, அங்கேயே வளையத்தை மாற்றினார். சத்தம் நின்றது. பிடிக்கருவியில் இறுக்கிச் சுட்டுக் காகிதத்தைக் கையில் கொடுத்தார். இம்முறை ஒரே ஓட்டைதான். ஓரம்கூடப் பிசிறில்லை. விசையை நானே ஒரு முறை காலியாக இழுத்துப் பார்த்தேன். கண்ணாடியை நகத்தால் தொட்டது போல ஒரு சின்ன 'டிக்', அவ்வளவுதான்.

பிறகு மகள் அதை இடது தோளில் வைத்தாள். கழுத்து நேராக நின்றது. கன்னம் தானாகப் போய்க் கட்டையின் மேல் உட்கார்ந்தது. அந்தப் பிள்ளை முகத்தில் வந்த ஆச்சரியத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சுடாமலேயே கொஞ்ச நேரம் நின்றாள்.

ஆனால் சுட்டபோது குண்டுகள் கன்னாபின்னாவென்று போயின. கை பழக்கமில்லை. காகிதத்தைப் பார்த்து நான் திகைத்தேன்.

கணக்குப் போட்டால் புது உருளையும் சேர்த்து இதன் விலை அந்தப் புதுத் துப்பாக்கிக்குச் சமமாகத்தான் வந்தது. புதுசுக்கு உத்தரவாதம் உண்டு. நாளைக்கு இவளுக்கு இது வேண்டாம் என்று ஆகிவிட்டால் யாருக்காவது விற்றுவிடலாம். இதை யாரிடம் விற்பது? இத்தனை காலம் கடையிலேயே தூங்கியது, எங்கள் கட்டிலுக்கு அடியில் தூங்கினால் யார் எடுப்பார்கள்? போட்டியோ நெருங்குகிறது. நான் இதைச் சொன்னதும் கடைக்காரரும் மறுக்கவில்லை. "வாஸ்தவமுங்க. திருப்பி விக்கறதுன்னா இது செல்லாக் காசுதான். நான் ஒளிக்க மாட்டேன்" என்றார்.

வெளியே வந்து வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். பின்னால் மேளச் சத்தம், ஜனங்கள் ஜீப்புக்கு அடித்துக்கொள்ளும் சத்தம். கத்திக் கத்தி விஷயத்தைச் சொன்னேன்.

"ஏனுங்க, விக்க முடியாத பொருளுங்க. என்ன பண்றது?"

"விக்கறதுக்கா வாங்கறே? புள்ளைக்குத் தோதா இருக்குதா இல்லியா?"

"நொம்பத் தோதா இருக்குதுங்க. ஆனா குண்டு எங்கியோ போகுது."

"நம்ம ஜீப்பு வந்த புதுசுல நான் சொவத்துல மோதல? எடுத்துட்டு வா" என்றார். லைன் அறுந்துவிட்டது.

எடுத்தோம். புது உருளை வர நாளாகும், கூரியரில் அனுப்புகிறேன் என்றார். துப்பாக்கியை மட்டும் பில்லோடு வாங்கிக்கொண்டு கிளம்பினோம்.

சேலத்தில் ஏற்காடு பஸ் பிடித்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. பெட்டியை சீட்டுக்குப் பக்கத்து நடைவழியில் நிறுத்தி மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். "வீணையாங்கக்கா?" என்று பக்கத்து சீட்டுப் பெண் கேட்டாள். "ஆமாங்க" என்று சொல்லிவிட்டேன். அடிவாரச் செக்போஸ்ட்டில் ஃபாரஸ்ட் கார்டு ஒருவர் பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று பார்க்க ஏறினார். பெட்டியைப் பார்த்ததும் நின்றார்.

"உள்ள என்னங்கம்மா?"

நான் வாயைத் திறக்கும் முன் மகள், "ஏர் ரைபிளுங்க சார்" என்றாள்.

பஸ்ஸே அடங்கிவிட்டது. வீணை என்று நம்பிய பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

இறங்கச் சொன்னார்கள். மேஜையில் பெட்டியைத் திறந்து வைத்தோம். உள்ளே இருந்த வனவர் எழுந்து வந்தார். போன மாதம்தான் ஏர் கன்னோடு காட்டுக்குள் நுழைந்த ஆட்களைப் பிடித்தார்களாம். "மலைக்கு மேல இதுக்கு என்னங்க வேலை?" என்று கேட்டார். மகள் கல்லூரி அட்டையையும், பயிற்சிக் கூடத்துக் கடிதத்தையும், பில்லையும் எடுத்து வைத்தாள். "காகிதத்தைச் சுடறதுங்க சார். போட்டிக்கு. இப்ப இதுல காத்து உருளையே இல்லீங்க, சுடவே சுடாது" என்றாள். அவர் குழலுக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தார். காலியாக இருந்தது. பயிற்சியாளருக்குப் போன் போட்டுப் பேசினார். பேசப் பேச அவர் முகம் தளர்வதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். டிரைவர் என் வீட்டுக்காரருக்குத் தெரிந்தவர். நான்கைந்து பேர் முணுமுணுத்தும் வண்டியை எடுக்காமல் காத்திருந்தார்.

"சரிம்மா, போங்க. அடுத்த வாட்டி இது போக வர இருக்கும்னா முன்னாலயே ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லிருங்க. எங்களுக்கும் சிரமம் இல்ல, உங்களுக்கும் இல்ல." பெட்டியை அவரே பூட்டிக் கொடுத்தார். "மெடல் வாங்குனா இங்க வந்து காட்டோணும், சாமி" என்றார் அவளிடம்.

பஸ்ஸில் ஏறியதும் பெட்டியை மறுபடி மடியோடு சேர்த்துக்கொண்டேன். கண்டக்டர் பக்கத்து சீட்டுப் பெண்ணிடம், "வீணை நல்லா வாசிக்குமாட்டிருக்குது" என்றார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். முதல் வளைவு திரும்பிக் குளிர்காற்று அடித்தபோதுதான் மூச்சு சீராக வந்தது.

நிம்மதி அதோடு வந்து தங்கிவிட்டதா என்றால் இல்லை. உருளை வரும்வரை வீட்டில் சமையலறைச் சுவரில் ஒரு கறுப்புப் புள்ளி ஒட்டி, இடது தோளில் வைத்துப் பழகினாள். நான் சட்டியை இறக்கும்போதெல்லாம் "அசையாதீங்கம்மா" என்பாள். உருளை வந்தபின் கூடத்தில் சுட்டாள். பழைய மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. பயிற்சியாளர், "இப்ப மாத்தறது ரிஸ்க்குங்க. ஆனா மாத்தறதுதான் சரி" என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னார். என் பிள்ளை வீட்டுக்கு வந்ததும் படுத்துக்கொள்வாள். அந்தக் கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டி எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. யாரும் வாங்காததை வாங்கி வந்தோமே என்று அவரிடம் புலம்பினேன். அவர், "பொறு" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

எப்போது மாறியது என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு நாள் பஸ் இறங்கி வரும்போது பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். அடுத்த வாரமும் அப்படியே வந்தாள். கேட்டால் கண் பட்டுவிடும் என்று நான் கேட்கவில்லை.

போட்டி நல்ல மழை நாளில் நடந்தது. அங்கே பெற்றவர்கள் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்க்கலாம். வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் ஒரு பக்கம் பார்த்து நிற்க, என் மகள் மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பி நின்றாள். பக்கத்தில் இருப்பவளும் இவளும் முகத்துக்கு முகம் பார்த்தபடி. எல்லாத் துப்பாக்கியும் பளபளவென்று இருந்தன. இவளுடையது மட்டும் பழைய மேஜைக் கால் போல் மர நிறத்தில். திரையில் ஓடிய எண்கள் எனக்கு விளங்கவில்லை. பயிற்சியாளரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நடுவில் ஒரு முறை நகம் கடித்தார். கடைசிக் குண்டு முடிந்ததும் திரும்பி என்னைப் பார்த்து, "மாநிலத்துக்குப் போறாங்க" என்றார்.

"ஜெயிச்சுட்டாளுங்களா?"

"முதலிடம் இல்லீங்க. ஆனா தகுதி மதிப்பெண்ணைத் தாண்டிட்டாங்க. அது போதும் இப்போதைக்கு."

எனக்கும் அது போதும். வீட்டுக்காரருக்குப் போன் போட்டபோது அவர் ஜீப்பை ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் பேசினார் போல, பின்னால் இன்ஜின் சத்தம் இல்லை. மலை ஏறும் வண்டியைக் கேட்பது போல, "ஏறுச்சா?" என்றார். "ஏறிருச்சுங்க" என்றேன்.

வெளியே மழை விட்டிருந்தது. தெருமுனையில் தட்டுவடை செட் போடுகிற வண்டி நின்றது. பெட்டியை என் தோளில் மாட்டிக்கொண்டு அவளுக்கு ஒரு செட் வாங்கிக் கொடுத்தேன். தின்று முடித்து இன்னொன்று கேட்டாள். எனக்கும் ஒன்று வாங்கிக்கொண்டேன். பீட்ரூட்டும் காரச் சட்னியும் வாயில் பட்டதும்தான் காலையிலிருந்து நான் ஒன்றுமே சாப்பிடவில்லை என்பது தெரிந்தது.